விழாத பல்லுக்காக வீட்டை விட்டுப் போனவள்

அகீலா என்ற பெயர் என் காதில் முதலில் விழுந்தது ஒரு முறைப்பாடாகத்தான். அவளுக்கும் என் தம்பி மகன் தனஞ்சயனுக்கும் கலியாணம் நடந்த வருடத்து மாசி மாதம். என் தம்பி சிவபாதசுந்தரம் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றும் முன்பே தொடங்கிவிட்டான்.

"அக்கா, இவன் தனஞ்சயன் கட்டப்போறனெண்டு நிக்கிற கொட்டாஞ்சேனைப் பெட்டையைப் பாத்திட்டு வாறன். அகீலாவாம் பேர். தேத்தண்ணி தந்தது. இன்னும் ரெண்டு கரண்டி சீனி போடு பிள்ளை எண்டன். மூண்டு கரண்டி போட்டிருக்கு மாமா, போதும் எண்டிட்டுது."

"நீ என்ன சொன்னனீ?"

"என்னத்தைச் சொல்லுறது. குடிச்சிட்டு வந்தனான்."

எங்கள் ஐயாவுக்கு நாங்கள் ஐந்து பேர். மூத்தவ நான், இவன் நாலாவது. இவனுக்கு இரண்டு பிள்ளைகள்: மூத்தது உஷாந்தி, கனடாவில், இளையது தனஞ்சயன், வங்கியில் வேலை. மனைவி காலமானபின் தம்பி மகனோடு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்தான். அந்த வீட்டுக்குத்தான் அகீலா மருமகளாக வந்தாள்.

தம்பியின் சீனி ஆசைக்கு ஒரு காரணம் உண்டு. போர் நடந்து யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராத காலத்தில், உஷாந்தியின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு பைக்கற் ரொபி மிட்டாய் தேடி, கொக்குவிலில் இருந்து சுன்னாகம் வரை சைக்கிள் உழக்கினான். வெறுங்கையோடு திரும்பி வந்து குசினிக்குள் நின்று அழுதான். பனங்கட்டித் துண்டைக் கடித்துக் கொண்டு தேநீர் குடித்த நாட்கள் அவை. அகீலாவுக்கு மகன் மிதுஷன் பிறந்தபோது, தம்பி "இவன் ஒண்டுக்கும் ஏங்கக் கூடாது" என்றான். சொன்னபடி செய்தான். அதுதான் பிழையாய்ப் போனது.

அகீலாவுக்குக் காப்புறுதிக் கம்பனியில் வேலை. காலை ஏழுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வீடு. பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டி வருவது தம்பி. வழியில் ஒரு ரோல்ஸ், ஒரு போத்தல் இனிப்புச் சோடா. மூன்று மணிக்கு டியூஷன். வாசலில் விடும்போது கையில் இரண்டு ரொபி. டியூஷன் முடிந்தால் போன், போனோடு பிஸ்கற். நாலு வயது வரை பால் போத்தலை வாயில் வைத்தபடிதான் படுத்தான். பிள்ளை உருண்டு திரண்டு இருந்தான். காண்கிறவர்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். நானும் கிள்ளினேன்.

ஆறரை வயதில் ஒரு நாள் பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அகீலா லீவு போட்டு டொக்டரிடம் கூட்டிப் போனாள். வந்து என்னிடம் சொன்னாள்: "மாமி, ரெண்டு பால்பல்லைப் பிடுங்கியாச்சு. அது போகட்டும். ஆனா கடைசியில நாலு பல்லு புதுசா முளைச்சிருக்கு. அது பால்பல் இல்லயாம், சாகும் வரைக்கும் இருக்க வேண்டிய பல்லாம். அதில ஒண்ணு ஓட்டையாயிட்டு. இப்ப அடைச்சிருக்காங்க. இப்படியே தின்னா வருசத்துக்குள்ள அதையும் பிடுங்கணுமாம். நிறை முப்பத்தினாலு கிலோ. இவன் வயசுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூணுதான் இருக்கணுமாம்."

ஆறு பிள்ளை வளர்த்த எனக்கு அன்று வரை அது தெரியாது. ஒரு பல்லும் விழாமல், பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற பல்லை நாங்கள் எல்லோரும் பால்பல் கணக்கில்தான் விட்டிருந்தோம். விழுந்தால் முளைக்கும் என்று பிள்ளைகளின் வாயைப் பாராமல் இருந்தோம். என் பிள்ளைகளில் மூன்று பேருக்கு அந்த இடம் வெறுமை.

மறுநாள் அகீலா சட்டம் போட்டாள். இனிப்பு என்றால் சாப்பாட்டோடு மட்டும், இடையில் ஒன்றும் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர். டியூஷன் நிற்பாட்டு, அந்த நேரம் அப்பப்பாவோடு ரயில் பாதை கடந்து கடற்கரையில் ஓடி விளையாடு.

இனிப்பை மறித்ததைக்கூடச் சனம் பொறுத்திருக்கும். ரெண்டாம் வகுப்புப் பிள்ளையின் டியூஷனை நிற்பாட்டினது வெள்ளவத்தை முழுக்கப் பரவிவிட்டது. "அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதினைக்கு எல்லாப் பிள்ளையளும் இப்பவே ஓடுதுகள். இது கடற்கரையில ஓடுதாம்" என்று கோயிலில் ஒருத்தி என் காதுபடச் சிரித்தாள். தம்பியோ அகீலாவிடம் "ஓம் பிள்ளை" என்று தலையாட்டினான்.

தலையாட்டினவன் கையை நிறுத்தவில்லை. ஒரு மாதம் கழித்துப் பள்ளிக் காற்சட்டையைத் தோய்க்கும்போது பொக்கற்றில் ரொபித் தாள் ஒட்டிக் கிடந்தது. அகீலா பிள்ளையைக் கேட்டாள். "அப்பப்பா தந்தவர். அம்மாக்குச் சொல்ல வேண்டாமாம்" என்றான். அவள் தாளை உரித்துப் போட்டுவிட்டுத் தோய்த்து முடித்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மிதுஷனின் ஏழாவது பிறந்தநாளுக்கு உஷாந்தி கனடாவில் இருந்து வந்திறங்கினாள். எங்கள் சனத்துக்கு வெளிநாட்டில் இருந்து வருவதென்றால் சொக்லேட்டோடுதான் வர வேண்டும். கேக் வெட்டிய பிறகு, எல்லோரும் பார்க்க, நடு ஹோலில் சூட்கேசைத் திறந்தாள். நிறையச் சொக்லேட். பிள்ளை அப்படியே அதற்குள் விழப் பார்த்தான். அகீலா அவனைத் தோளில் பிடித்தாள்.

"கேக் சாப்பிட்டாச்சு. இது இன்னொரு நாளைக்குச் சாப்பாட்டோட ஒண்ணு தாறேன். மிச்சத்த எல்லாருக்கும் பிரிச்சுக் குடுங்க அக்கா."

உஷாந்திக்கு முகம் சுருங்கியது. "கட்டுநாயக்கா எயார்போட்டில கஸ்டம்ஸ்காரனே விட்டவன். இஞ்ச நீர் மறிக்கிறீர்."

"கஸ்டம்ஸ்காரனுக்குப் பல்லு வலிக்காது அக்கா."

யாரோ சிரித்தார்கள். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. கதிரையில் இருந்து எழும்பினான். "விழப்போற பல்லுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ? என்ர பிள்ளையள் ஒரு ரொபிக்கு ஏங்கினதுகள். இவனும் ஏங்க வேணுமோ?"

"மாமா, அந்தக் காலம் எனக்குத் தெரியாது, உங்களுக்கு வலிச்சிருக்கும். ஆனா அந்த ஏக்கத்த இவன்ட வாயில போட்டுத் தீர்க்காதீங்க. அந்தப் பல்லு விழாது. பிடுங்கினா முளைக்காது."

"இது என்ர வீடு. என்ர பேரனுக்கு நான் குடுக்கிறதை ஒருத்தரும் மறிக்கேலாது."

நான் அவள் கையைப் பிடித்தேன். "விடு பிள்ளை, இண்டைக்கு ஒரு நாள் தானே" என்றேன். அவள் கையை எடுத்துக் கொண்டாள்.

"தினமும் ஒரு நாள்தான் மாமி. வீடு மாமாட வீடுதான். பிள்ளைட பல்லு மாமாட இல்ல."

அரை மணித்தியாலத்தில் இரண்டு பைகளோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குத் தாய் இராமலெட்சுமி வீட்டுக்குப் போய்விட்டாள். தனஞ்சயன் லிஃப்ட் வாசலில் நின்று தகப்பனையும் பார்த்தான், போகிறவளையும் பார்த்தான். எட்டு நாள் கழித்துத் தன் உடுப்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

இனிப்புக்காகக் குடும்பத்தை உடைத்தவள் என்றார்கள். யாழ்ப்பாணம் அறியாத கொட்டாஞ்சேனைக்காரிக்கு வேறென்ன தெரியும் என்றார்கள். இப்பவும் சொல்கிறார்கள். சொல்லட்டும். இனிப்பை ஒளித்துக் கொடுத்தது யார் என்று நான் திருப்பிக் கேட்டால் கதையை மாற்றுகிறார்கள்.

அங்கே போனதும் எல்லாம் சுகமாகிவிடவில்லை. பிள்ளை முதல் இரண்டு கிழமை கத்தினான், அப்பப்பா வேணும் என்று கதவை உதைத்தான். பள்ளியால் வந்தால் இராமலெட்சுமி அவித்த கடலை கொடுப்பா, அவன் தட்டிவிடுவான். "பசிச்சா வருவான்" என்று அகீலா அதைப் பொறுக்கி எடுத்துக் கழுவி வைப்பாள். வந்தான். பிறகு வீட்டு முன் ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகளோடு அவனுக்குக் கிரிக்கெட் பிடித்துக் கொண்டது.

போன மாதம் டொக்டரிடம் காட்டும் நாள். என்னையும் வரச் சொல்லிப் போன் எடுத்தாள். டொக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தார். அடைத்தது அப்படியே இருக்கிறது, மற்ற மூன்றிலும் ஒன்றுமில்லை என்றார். நிறை முப்பத்தினாலுதான், ஏறவில்லை. உயரம் நாலு சென்றிமீற்றர் கூடியிருந்தது. இப்படியே போனால் உயரம் நிறையைப் பிடித்துவிடும் என்றார்.

அகீலா உடனே, "அத எழுதித் தாங்க டொக்டர்" என்றாள்.

எழுதி வாங்கிப் படம் பிடித்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கீழே ஒரு வசனமும் எழுதவில்லை. கனடா, லண்டன், வெள்ளவத்தை என்று முப்பத்தியொரு பேர் பார்த்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. தம்பி அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பல்லு இருக்காம் என்ன" என்று மட்டும் கேட்டான். "ஓம், இருக்கு. நீ போய்ப் பார்" என்றேன். இன்னும் போகவில்லை.

அகீலா இப்போது கொட்டாஞ்சேனையில், தாய் வீட்டு மேல்மாடியில், கணவனோடும் மகனோடும் இருக்கிறாள்.