பன்னிரண்டாவது கதிரை

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பெரியப்பா மட்டும் சப்பாத்தோடு போவார். அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். மிதிவெடியில் போனது. ஊர் முழுவதற்கும் அது தெரியும். ஆனால் வீட்டுக்கு வெளியே ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டால் அவர் மற்றவர்களைப் போலவே நடந்தார், மழை நாட்களில் மட்டும் சற்று மெதுவாக.

உடையார்கட்டுக்குக் கிட்ட, கோயிலுக்கு எதிரே, அவருக்கு ஒரு ஹாட்வெயார் கடை இருந்தது. போர் முடிந்து வீட்டுத்திட்டம் வந்த காலம். சீமெந்து, தகரம், கம்பி என்று லொறிகள் வந்தபடி இருந்தன. கடை போக மிச்ச நேரமெல்லாம் கோயிலுக்குத்தான். கூரைத் தகரம், ஜெனரேற்றர், ஒலிபெருக்கி, திருவிழாக் கொடிக்கம்பம், சுவாமியாரின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல். இயேசு தம் பன்னிரண்டு சீடரின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு ஆண்களைப் பிடித்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அது நினைப்பதைவிடக் கடினம். சிலுவை தூக்கச் சொன்னால் வருகிறவர்கள், காலைக் காட்டச் சொன்னால் வெட்கப்படுவார்கள்.

எனக்குப் பத்து வயதாக இருந்த வருடம், பூசைக்குச் சற்று முந்தி, பன்னிரண்டாவது ஆள் தொலைபேசியில் அழைத்தார். ஒட்டுசுட்டானுக்கு அங்கால் யானை தெருவை மறித்து நிற்கிறதாம், பஸ் அசையவில்லையாம். பீடத்துக்கு முன்னால் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது.

சுவாமியார் ஊருக்குப் புதியவர். வந்து இரண்டு கிழமைதான். பெரியப்பாவைக் கண்டதும் அவருக்கு வழி பிறந்துவிட்டது.

“பிறகென்ன, நீங்களே இருங்கோவன். கோயிலுக்கு இவ்வளவு செய்யிற ஆள்,” என்றார். பிறகு சிரித்தபடி, “அந்தச் சப்பாத்தையும் ஒருநாளைக்குக் கழற்றினமாதிரி இருக்கும்.”

முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாட்டுப் புத்தகத்தில் வேலை வந்தது. பெரியப்பாவும் சிரித்தார்.

“அஞ்சு நிமிசம் தாங்கோ சுவாமி, ஆளோட வாறன்.”

நானும் பின்னால் ஓடினேன். தெருவைக் கடக்கும்போது என் யோசனையைச் சொன்னேன்.

“இடக்காலைக் காட்டலாம்தானே, பெரியப்பா?”

“ஒற்றைச் சப்பாத்தோட இருந்த அப்போஸ்தலரை நீ எங்கயும் படத்தில கண்டனீயோ?”

கடைவாசலில் எங்கள் வேலையாள் லொறியிலிருந்து சீமெந்து இறக்கிக்கொண்டிருந்தார். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். நெற்றியில் திருநீறு, அதற்கு மேல் சீமெந்து. விசயத்தைக் கேட்டதும் தோளிலிருந்ததைக் கீழே வைத்தார்.

“மொதலாளி, நாங்க முருகன் கும்பிடுறவுங்க.”

“முருகனிட்ட நான் சொல்லுறன். நீ காலைக் கழுவிப்போட்டு வா.”

“கழுவத்தானே கூப்புடுறீங்க?”

பெரியப்பா அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். குழாயைத் திறந்துவிட்டு, நெற்றியையும் கழுவச் சொன்னார்.

கோயிலுக்குத் திரும்பியதும், “இவர் எந்தப் பங்கு, எந்தக் கோயில் ஆள்?” என்று கேட்டார் சுவாமியார்.

“முந்தி அக்கராயன், சுவாமி.”

பொய்யில்லை. அவர் முன்பு அக்கராயனில் வயல்வேலை செய்தவர்தான்.

சுவாமியார் ஒவ்வொருவர் முன்னும் முழங்காலில் நின்று கழுவி, துடைத்து, பாதத்தை முத்தமிட்டுக்கொண்டு வந்தார். கடைசிக் கதிரையில் அவர் தலை குனிந்ததும், “ஐயோ சாமி, வேணாங்க!” என்று வேலையாள் காலை இழுத்தார். கிண்ணத்துத் தண்ணீரில் பாதி சுவாமியாரின் அங்கியில். கோயில் முழுவதும் சிரித்தது. பின்னால் கால் துடைக்கிற துவாயோடு நின்ற பெரியப்பா சிரிக்கவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

வீட்டில் பெரியம்மா சோறு போட்டபடி பேசினார்.

“சுவாமியிட்ட காலைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னா முடிஞ்சுது. இப்ப உங்களைப் பெருமை பிடிச்ச மனிசன் எண்டெல்லோ அவர் நினைக்கப்போறார்.”

பெரியப்பா காலைக் கழற்றிச் சுவரோடு சாத்தினார்.

“நினைக்கட்டும். சொன்னா ஈஸ்ரர் பிரசங்கத்தில அதைத்தான் சொல்லுவார். பிறகு சனம் பாவம் பார்த்துச் சீமெந்து வாங்க வரும்.”

பெரியம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். பேச்சு ஏன் அந்த இடத்தில் நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. பாவம் பார்த்து வாங்கினாலும் சீமெந்து விற்கும்தானே என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டு முடித்தேன்.