நாலாம் நம்பர் முகம்

மாஸ்டர் முழங்கையைத் தண்ணீரில் தோய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் சூடு," என்கிறார். ஒரு குவளை குளிர்ந்த நீரை ஊற்றுகிறார். மறுபடியும் முழங்கை. விரலால் பார்ப்பதில்லை. பிளாஸ்டரிலும் சிலிக்கானிலும் முப்பது வருஷம் ஊறிய விரல்கள் சூட்டைச் சரியாகச் சொல்லாது என்பது அவர் கணக்கு. தண்ணீர் சற்றுச் சூடாக இருந்தாலும், பல்செட்டுக்கு அளவெடுக்கும் அந்த மாவு முகத்தில் பூசி முடிப்பதற்குள் இறுகிவிடும். நாற்காலியில் ஒரு துணை நடிகர், முடியை ரப்பர் தொப்பிக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புருவத்தில் வாஸ்லின் மினுங்குகிறது.

"முகம் தர்றீங்களா?"

நடிகர் சிரிக்கிறார். "அதுக்குத்தானே சார் வந்திருக்கேன்."

"வாயால சொல்லணும்."

"தர்றேன்."

அதற்குப் பிறகுதான் கை முகத்தில் படும். பெரிய கதாநாயகனானாலும் பிணமாகப் படுக்க வந்த கூலிக்காரனானாலும் இந்தக் கேள்வி உண்டு. "சொல்லாம எடுத்தா அது அளவு இல்ல சார், திருட்டு," என்பார்.

படப்பிடிப்புக்காரர்கள் அவரை மூஞ்சி மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். வெட்டுண்ட தலை, தீயில் கருகிய கன்னம், இருபத்தைந்து வயது நடிகருக்கு எழுபது வயதுச் சுருக்கம் எல்லாம் அவர் பட்டறையிலிருந்து போகின்றன. பட்டறை என்பது டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மூன்று சுவர்களிலும் பலகைத் தட்டுகள். தட்டு நிறையக் கண்மூடிய பிளாஸ்டர் தலைகள். நெற்றியில் பென்சிலால் தேதி மட்டும் எழுதியிருக்கும். பெயர் கிடையாது. "பேரு மறந்துடும் சார், தாடை மறக்காது." பத்திரிகைக்கு எழுதப் போன என் பெயரை நான்கு நாளில் மூன்று விதமாகச் சொன்னார். என் இடது காது வலதைவிட ஒரு நூல் இறங்கியிருப்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஐம்பத்திரண்டு வயது. நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார். காதில் தொடங்கி, தாடை வழியாகக் கழுத்துக்கு வந்து சேருவார். பஸ்ஸில் இந்தப் பார்வையால் இரண்டு முறை சண்டை வரப் பார்த்திருக்கிறது. சிலிக்கான் தலைகளில் ஊசியால் ஒவ்வொரு முடியாக நடும் அம்மா ஒருவர் அவரிடம் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறார். "கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க வீட்டம்மாகிட்ட மாஸ்டர் முதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? 'உங்க காது ரெண்டும் ஒரே உயரம்.' அந்தம்மாவும் அதுல மயங்கிக் கட்டிக்கிட்டாங்க," என்று ஊசியை நிறுத்தாமலே சொன்னார்.

"மயங்கல. சிரிப்பை அடக்க முடியல, அதான் கட்டிக்கிட்டேன்னு சொல்லுவா," என்றார் மாஸ்டர்.

போன வருஷம் சக்கைப்போடு போட்ட அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கத்தான் நான் போனேன். ஒரே போர்வீரனை நூறு நகல் எடுத்துவிடுகிறார்கள். அசல் வீரன் தன் நகல்களை அழிக்கக் கிளம்புகிறான். ஓட்டம், சண்டை, வெடி. நடுவில் ஒரு நீண்ட கூடம் வரும். சரியாக விளையாத நகல்களைக் கண்ணாடித் தொட்டிகளில் போட்டுவைத்திருப்பார்கள். நான்காம் தொட்டியில் இருப்பவன் எழுந்து, அசல் வீரனை நோக்கிக் கையை நீட்டுவான். ஒரு பக்கம் மொத்தமாகச் சரிந்துபோன முகம். வீரன் மூன்று விநாடி தயங்கிச் சுட்டுவிடுவான். படம் முடிந்து வெளியே வந்தவர்கள் நாயகனை விட்டுவிட்டு நாலாம் நம்பரைப் பற்றியே பேசினார்கள். சண்டைக் கலைஞர் ஒருவர் அணிந்திருந்த அந்த முகமூடி மாஸ்டர் செய்தது.

முதல் மூன்று நாளும் நான் நாலாம் நம்பர் என்று தொடங்கினால் அவர் தண்ணீர்ச் சூட்டைப் பற்றிப் பேசினார். நான்காம் நாள், கேட்காமலே சொன்னார்.

இயக்குநர் ஆறு களிமண் மாதிரிகளைத் திருப்பி அனுப்பியிருந்தாராம். "மாஸ்டர், இது பேய். எனக்குப் பேய் வேணாம். மனுஷனா வந்துட்டு இருந்தவன் பாதி வழியில நின்னு போன மாதிரி இருக்கணும்," என்றாராம். ஏழாவது மாதிரிக்கு ஒரு பகல்தான் மிச்சம். மாஸ்டர் களிமண்ணின் முன் உட்கார்ந்தார். மதியத்துக்குள் முகம் முடிந்துவிட்டது. இயக்குநர் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாராம்.

அது மாஸ்டருடைய அண்ணனின் முகம்.

அண்ணன் பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். பதினோரு வருஷத்துக்கு முன் காதுக்குப் பின்னால் ஒரு கட்டியை எடுத்தபோது நரம்பு போய்விட்டது. இடது பக்கம் நெற்றி முதல் தாடை வரை தொங்கிவிட்டது. இடது கண் மூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, "பஸ்ல மூணு கண்ணாடிய மாத்தி மாத்திப் பாத்தே ஆயுசு போச்சு. இனி போதும், எல்லாத்தையும் கழட்டுடா," என்று தம்பியிடம் சொன்னார். வீட்டில் கண்ணாடியே இல்லை. மாஸ்டரின் மனைவி அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டி, கதவைப் பாதி திறந்து தலை வாரிக்கொள்வார். அண்ணனுக்குத் தினமும் சவரம் செய்வது தம்பிதான். தொங்கும் கன்னத்தை இரண்டு விரலால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு மழிக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் பிளேடு ஒரே முறை வழுக்கியிருக்கிறது. தாடைக்கு அடியில் பிறை மாதிரி ஒரு தழும்பு.

"தெரியாம செஞ்சேன்னு சொன்னா பொய் சார். மூக்கு முடியறப்பவே தெரிஞ்சிடுச்சு. நிறுத்தியிருக்கலாம். ஆனா நல்லா வந்துட்டு இருந்துச்சு." கையில் இருந்த பிளாஸ்டர் துகளை உரித்துக்கொண்டே சொன்னார். "எத்தனையோ பேர்கிட்ட முகம் தர்றீங்களான்னு கேட்டிருக்கேன். அண்ணன்கிட்ட மட்டும் கேக்கல. கேட்டா, எதுக்குன்னு கேப்பாரே."

முடியை எடுத்தார். தோலுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தார். கண்மணியின் நிறத்தை மாற்றினார். இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். தாடையைத் திருப்பி அடியில் பார்க்கவில்லை. களிமண்ணிலேயே அவர் கை அந்தப் பிறைத் தழும்பையும் வைத்துவிட்டிருந்தது.

படம் வந்த இரண்டாம் வாரம் தெருப்பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. விரலால் வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு கையை நீட்டியபடி தள்ளாடி நடப்பார்கள். எதிரே இருப்பவன் டுமீல் என்பான். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். "டேய், இங்க வாயேன். இவனுங்க யாரையோ மாதிரி பண்றானுங்க பாரு, நல்லா நடிக்கிறானுங்க!" மாஸ்டர் வெளியே போய்ப் பிள்ளைகளை விரட்டினார். "வெயில்ல என்னடா ஆட்டம்" என்றுதான் சொல்ல முடிந்தது.

அந்த வாரமே அண்ணன் கேட்டார். "நீ செஞ்ச படமாமே. என்னைக் கூட்டிட்டுப் போகக் கூடாதா? அண்ணன் கிழவனாயிட்டேன்னு நினைச்சியா?"

வேலை இருக்கிறது என்றார் மாஸ்டர். டிக்கெட் இல்லை என்றார். சத்தம் காதுக்கு ஆகாது என்றார். "இந்தக் காதுக்குள்ள இனிமே போறதுக்கு என்னடா இருக்கு?" என்று அண்ணன் மடக்கினார். கடைசியில் ஒரு பகல் காட்சிக்கு ஓரத்து இருக்கை இரண்டு வாங்கினார்கள். நாலாம் நம்பர் நாற்பத்தேழாவது நிமிஷத்தில் வருவான் என்பது மாஸ்டருக்குத் தெரியும். நாற்பதிலேயே தொடங்கினார்.

"அண்ணே, பாத்ரூம் போயிட்டு வந்துடலாமா?"

"இப்பத்தானடா போனேன்."

"பாப்கார்ன் வாங்கலாம், வாங்க."

"நீ போய் வாங்கு. எனக்கு எதுக்கு ஊர்வலம்?"

"காத்து வரல, வெளிய கொஞ்சம்..."

"சும்மா உக்காருடா. சின்னப் பிள்ளையாட்டம் நெளியறான்."

தொட்டியிலிருந்து அவன் எழுந்தான். அரங்கம் முழுக்க விசில். திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்த முகம். அண்ணன் அசையாமல் பார்த்தார். பார்த்துக்கொண்டே வலது கையை மெதுவாகத் தூக்கித் தன் இடது கன்னத்தில் வைத்தார். பதினோரு வருஷமாக அவருக்குத் தன் முகம் விரலால்தான் தெரியும். விரல் கடைவாய் வழியாக இறங்கியது. திரையில் இருந்ததும் அதே வழியில் இறங்கியிருந்தது. விரல் தாடைக்கு அடியில் தழும்பில் போய் நின்றது. திரையில் அவன் அண்ணாந்து பார்த்தபோது தாடையின் அடி தெரிந்தது. சுட்டார்கள். மக்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கிய பிறகு அண்ணன் குனிந்து காதோடு கேட்டார். "டேய், நான் இப்படியா இருக்கேன்?"

"இல்லண்ணே. சினிமாவுக்காகக் கூட்டிச் செஞ்சது."

முடி நடும் அம்மா ஊசியை நிறுத்திவிட்டார். "ஒரு நூல்கூடக் கூட்டல சார்," என்றார் மாஸ்டர். "ஒரு மன்னிப்பு வாய்க்கு வரல. பொய் மட்டும் உடனே வந்துச்சு."

அண்ணன் அதற்குப் பிறகு படத்தைப் பற்றிப் பேசவில்லை. திட்டவுமில்லை. ஜன்னலோரத்து நாற்காலியை மட்டும் அறையின் உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சவரம் நிற்கவில்லை. முன்பெல்லாம் சோப்பு நுரையோடு பஸ் கதை பேசிக்கொண்டே இருப்பவர், இப்போது தம்பி பிளேடை எடுத்ததும் வலது கண்ணை மூடிக்கொள்கிறார். இடது கண்தான் மூடாதே. அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு எதிரே தினமும் காலையில் கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அடித்தது. மாஸ்டரின் கையெல்லாம் மாவு. அந்த அம்மா ஒலிபெருக்கியில் போட்டுப் பிடித்தார். படக் கம்பெனியின் மேலாளர்.

"மாஸ்டர், நல்ல சேதி! ரெண்டாம் பாகம் ஓகே ஆயிடுச்சு. நாலாம் நம்பரையே நகல் எடுத்துப் படை படையா விடுறோம். முதல்ல இருபது வேணும். அதே மூஞ்சி. அச்சு உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் என்ன, ஊத்த வேண்டியதுதானே?"

"அது வேணாம் சார்."

"என்ன வேணாம்? ஜனங்க அதத்தான் கேக்கறாங்க. நீங்க செய்யலைன்னா படத்துல இருந்தே மூஞ்சிய எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுக்குவாங்க. இருபது என்ன, இருநூறு போடுவாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

மாஸ்டர் தட்டுகளைப் பார்த்தார். எந்தத் தலையையும் குறிப்பாகப் பார்க்கவில்லை.

"புதுசா ஒண்ணு செஞ்சு காட்டறேன். அதைவிட நல்லா வரும்."

"அதைவிடவா? விளையாடாதீங்க."

"பாத்துட்டுப் பேசுங்க சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க. டைரக்டருக்குப் பிடிக்கலைன்னா அதே மூஞ்சிதான், சொல்லிட்டேன்."

அழைப்பு நின்றது. அந்த அம்மா, "யார் மூஞ்சிய எடுக்கப் போறீங்க மாஸ்டர்? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணே நாள். யார் வந்து உக்காருவா?" என்றார்.

மாஸ்டர் குழாயடியில் கையைக் கழுவி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ரப்பர் தொப்பியைத் தானே மாட்டி, நரைமுடியை உள்ளே தள்ளினார். புருவத்துக்கும் மீசைக்கும் வாஸ்லின் தடவினார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தான் வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அந்த அம்மா பின்னால் என்னிடம் சொன்னார்.

"மாஸ்டர்..."

"மாவு கலக்கும்மா. தண்ணி பச்சைத் தண்ணியாவே இருக்கட்டும்."

அந்த அம்மா கலக்கினார். கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரே வந்து நின்றார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் வெறுமையாக இருந்த அந்த முகத்தைப் பார்த்துத் தயங்கினார். அண்ணனும் தம்பியும் ஒரே ஜாடை என்று அவருக்குத் தெரியும். ஆனால் இந்த முகத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"உங்க மூஞ்சியில ஒரு கோணலும் இல்லையே மாஸ்டர். இத வச்சு என்ன பண்றது?"

மூஞ்சி மாஸ்டர் ஆள்காட்டி விரலைக் கடைவாயில் கொக்கி மாதிரி மாட்டி, இடது கன்னத்தைக் கீழே இழுத்தார். பல்லும் ஈறும் தெரிந்தன. கட்டைவிரலால் கீழ் இமையையும் சேர்த்து இழுத்தார். எச்சில் ஒழுகித் தாடைக்கு வந்தது, துடைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, கன்னத்தை ஒட்டிவைக்கும்படி பிளாஸ்திரிச் சுருளை மறு கையால் அந்த அம்மாவிடம் நீட்டினார்.