ரத்தினபாய் டீச்சர் வீடு ஒழித்த கதை

மேற்குத் தாம்பரத்தில் ரத்தினபாய் டீச்சர் வீட்டுக்குப் போகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் எதையாவது தூக்கியாக வேண்டும். நாற்காலியில் போன வருஷத்துப் பரீட்சைத் தாள்கள் இருக்கும். அதைத் தூக்கி ஸ்டூலில் வைக்கலாம் என்றால் ஸ்டூலில் உடைந்த சிலேட்டுகள் இருக்கும். கடைசியில் வந்தவர் பரீட்சைத் தாளை மடியில் வைத்துக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போவார். போகும்போது அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையோடு கொண்டுபோனவர்களும் உண்டு.

டீச்சர் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காலையில் இட்லி ஊற்றி, மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்த்து, மாலையில் சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற மனுஷி. ஒரு பொருளைத் தூர எறிய மட்டும் அவளுக்குக் கை வராது, அவ்வளவுதான். ஆறு வயதில் தாய் தகப்பனை இழந்து போர்டிங்கில் வளர்ந்தவள். பதினோரு வருஷம் அவளுடைய மொத்தச் சொத்தும் ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் அடக்கம். தனக்கென்று ஒரு வீடு வந்ததும், வந்ததையெல்லாம் வைத்துக்கொண்டாள். பிஸ்கட் டப்பா, கிறிஸ்துமஸ் வாழ்த்து, கம்பி போன குடை, ஒற்றைச் செருப்பு எல்லாம் ஒருநாள் உதவும் என்பாள். அந்த ஒருநாள் இருபத்தாறு வருஷமாக வரவில்லை.

அவள் புருஷன் சுந்தர்சிங் நேர் எதிர். பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சட்டை, பேனா, பைபிள் மூன்றும் எப்போதும் அதனதன் இடத்தில் இருக்கும். கல்யாணமான புதிதில் சொல்லிப் பார்த்தார். பிறகு கேலி செய்து பார்த்தார். பிறகு அவளுடைய குப்பைக்கு அவரே அட்டவணையாகிவிட்டார். "என்னங்க, கத்தரிக்கோலைப் பார்த்தீங்களா?" என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்டால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஜன்னல் மேல ஹார்லிக்ஸ் பாட்டில் பின்னால பாரு, ரத்தினம்" என்பார். அங்கேதான் இருக்கும்.

வருஷாவருஷம் புத்தாண்டு ஆராதனையில் டீச்சர் ஒரு பொருத்தனை செய்வாள். இந்த வருஷம் வீட்டை ஒழித்துவிட வேண்டும் என்று. ஜனவரி இரண்டாம் தேதி முந்தானையைச் செருகிக்கொண்டு பெட்டியைத் திறப்பாள். மேலேயே பிலாயிலிருந்து மகன் எழுதிய பழைய கடிதம் ஒன்று இருக்கும். அதைப் படிப்பாள். அடுத்ததையும் படிப்பாள். சாயங்காலம் பெட்டியை மூடும்போது எடுத்ததைவிட இரண்டு சாமான் கூடுதலாகவே உள்ளே போயிருக்கும்.

எழுபத்தொன்றாம் வருஷம் செப்டம்பரில் அந்த வழக்கம் உடைந்தது.

சுந்தர்சிங்குக்குக் கண் கொஞ்ச நாளாகச் சரியில்லை. கேட்டால், "லேசா மங்கல், வயசாச்சில்ல" என்பார். எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் சேர்த்துக்கொண்டார்கள். அவர் தம்பி தனசிங் கூட இருந்தான். இரண்டாம் நாள் டாக்டரம்மா டீச்சரை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நேர் எதிரே இருப்பது மட்டும் கொஞ்சம் தெரியும், பக்கத்திலும் கீழேயும் இருப்பது தெரியாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஆபரேஷன்.

"வீட்டுல கால்ல தட்டுற சாமான் இருந்தா எடுத்துடுங்கம்மா. விழுந்துடப் போறார்" என்றார் டாக்டரம்மா.

டீச்சர் கட்டிலருகே திரும்பி வந்தபோது சுந்தர்சிங் சிரித்துக்கொண்டே, "லேசா மங்கல்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். தனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்து பழகிய மனுஷர். அந்தப் பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதைக் கண்டுபிடித்தவனை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். ரயிலில் தாம்பரம் திரும்புகிற வழியெல்லாம் அதுதான் டீச்சரின் காதில் ஒலித்தது.

காலாண்டு விடுமுறை. மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒரு கடிதத்தையும் பிரிக்கவில்லை. அடுத்த மாதம் கோவிலில் அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணி, கோழி, பழைய சாமான் எல்லாவற்றையும் ஆராதனைக்குப் பிறகு வளாகத்தில் ஏலம் விட்டுக் கட்டட நிதிக்குச் சேர்ப்பார்கள். குப்பையில் போடத்தான் டீச்சருக்குக் கை வராது, கோவிலுக்குக் கொடுக்க வரும். ஆடு மேய்த்த மாதிரியும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று. வாசலுக்கு இடதுபுறம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற இரண்டு ட்ரங்குப் பெட்டிகள், பெல்ட் அறுந்த தையல் மிஷின், பின்னல் பிய்ந்த பிரம்பு நாற்காலி, மூட்டை மூட்டையாகக் காகிதம், எல்லாம் கைவண்டியில் மூன்று நடை போயின. கீழே இருந்த ட்ரங்கு போர்டிங் பெட்டி. அதை ஏற்றும்போது மட்டும் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

சிவப்பு சிமெண்ட் தரையை எண்ணெய் போட்டுத் துடைத்தாள். சாமான்கள் நின்ற இடங்களில் மட்டும் தரை தேயாமல் பளிச்சென்று கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வீட்டில் பேசினால் எதிரொலித்தது. இத்தனை சாமானிலும் கத்தரிக்கோல் மட்டும் கிடைக்கவில்லை.

அறுப்பின் பண்டிகை வாரத்து வெள்ளிக்கிழமை சுந்தர்சிங் வீடு வந்தார். இரண்டொரு நாள் கூடவே வைத்திருந்து அனுப்பினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவர் இடது கையை இடுப்பு உயரத்துக்கு நீட்டினார். கை காற்றில் நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டினார். பிறகு கையை மெதுவாக மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வீடு நல்லா இருக்கு, ரத்தினம்" என்றார். இருபத்தாறு வருஷம் அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

தனசிங் அவரைக் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுபோனான். கட்டிலில் உட்கார்ந்தவர்தான். தண்ணீர் வேண்டும் என்றார். அவள் கொண்டுவந்தாள். தாமே எழுந்து பானையிலிருந்து மொண்டு குடிக்கிறவர் அவர். குளியலறைக்குப் போகச் சுவரைத் தடவிக்கொண்டு போய், திரும்பும் வழியில் கூடத்தின் நடுவில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.  அதற்குப் பிறகு அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். ஆபரேஷன் களைப்பு என்று டீச்சர் தன்னைத்தானே சமாதானப்படுத்திப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை பொன்னியம்மாள் மீன் கூடையோடு வந்தாள். கோவளத்துக்காரி. டீச்சர் பள்ளிக்கூடம் போகிற நாளில் சுந்தர்சிங்தான் வாசலுக்கு வந்து மீன் வாங்குவார்.

"அண்ணன் வந்துட்டாரா? சங்கரா கீது, வரச் சொல்லு டீச்சரம்மா" என்று கூடையை இறக்கியவள், உள்ளே எட்டிப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சரம்மா, எல்லாத்தையும் எங்க தூக்கிகினு போனே?"

"கோவிலுக்குக் கொடுத்துட்டேன். அவர் கால்ல தட்டுமே."

"தட்டுமா? நல்லா இருக்குது போ. அண்ணனுக்குக் கண்ணு தெரியாம ஒரு வருசமாவுதே. முன்னெல்லாம் செவுளத் தூக்கிப் பார்த்து வாங்குவாரு. இப்ப அமுக்கிப் பாக்குறாரு, மோந்து பாக்குறாரு. நான் கண்டுக்கல. அந்த நாற்காலி முதுவத் தொடுவாரு, அப்பால மிஷினத் தொடுவாரு, அப்பால பொட்டியத் தொட்டா வாசலு. ஒரு நாளு தடுக்கினது இல்ல. கைப்பிடியெல்லாம் புடுங்கிட்டியே டீச்சரம்மா, மன்சன் எதைப் புடிச்சிகினு வருவாரு?"

டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக மீன்காரிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அவமானமாக இருந்தது. அதைவிட, தன் குப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க அவர்மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம் பொங்கியது. அன்றைக்கு வாங்கிய மீனைக் கழுவும்போது அழுதாள்.

மத்தியானமே சபைச் செயலாளர் ஜெபராஜ் வீட்டுக்குப் போனாள்.

"சார், நாலே நாலு சாமானைத் திரும்ப எடுத்துக்கிறேன்."

"ரிஜிஸ்தர்ல ஏத்தியாச்சே டீச்சர். காணிக்கையைத் திருப்பிக் கொடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க. ஏலத்துல எடுத்துக்குங்களேன். ஏன், என்ன விஷயம்?"

விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவரே தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கியிருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். ஆளுக்கொரு கை நீட்டிச் சுந்தர்சிங்கை நடத்திக்கொண்டு போவார்கள். "ஒண்ணுமில்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். கிறிஸ்துமஸ் புடவைக்கு வைத்திருந்த பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு டீச்சர் முன்வரிசையில் நின்றாள். முதல் ட்ரங்கைக் கேட்டபோது சபையார் புன்னகைத்தார்கள். இரண்டாவதையும் கேட்டபோது சிரித்தார்கள். தையல் மிஷினுக்கும் அவள் கையைத் தூக்கியதும் பின்னாலிருந்து ஒருவர், "டீச்சருக்கு வீடு பிடிக்கலையாம், குப்பைதான் பிடிச்சிருக்காம்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிரம்பு நாற்காலிக்கு வந்தபோது பெண்கள் சங்கத் தலைவி தபீதாள் குறுக்கே வந்தாள். தபீதாள் வீட்டில் ஈக்குக்கூட உட்கார ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. அவள் எட்டு ரூபாய் என்றாள். டீச்சர் ஒன்பது என்றாள். பன்னிரண்டு, பதின்மூன்று என்று போயிற்று. புது நாற்காலியே அந்த விலைக்குக் கிடைக்கும்.

"விட்டுருங்க டீச்சர்" என்றாள் தபீதாள். "நான் பின்னி சர்ச் வராந்தாவுல போடுவேன், நாலு பேர் உட்காருவாங்க. உங்க வீட்டுக்குப் போனா மறுபடியும் குப்பையாத்தானே கிடக்கும்?"

கூட்டம் சிரித்தது. டீச்சர் முகம் சிவந்துபோயிற்று. ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

"ஆமாம்மா, கிடக்கும்" என்றாள். "நான் அப்படிப்பட்டவதான். பத்தொன்பது ரூபா."

அதுதான் கைக்குட்டையில் இருந்த கடைசிப் பணம். தபீதாள் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்றார் ஜெபராஜ்.

நாலு சாமானும் கைவண்டியில் திரும்பி வந்தன. மற்ற சாமான்களைப் பற்றி டீச்சருக்கு ஞாபகம்கூட வரவில்லை. தரையில் தேயாமல் பளிச்சென்று தெரிந்த கட்டங்கள் எந்தச் சாமான் எங்கே நின்றது என்று காட்டிக்கொடுத்தன. பெட்டிகளைப் பெட்டிக் கட்டத்தில் அடுக்கினாள், மிஷினை மிஷின் இருந்த இடத்தில் நிறுத்தினாள். எதையும் இருந்த இடத்தில் வைத்துப் பழகாதவள், முழங்காலிட்டு நுனிக்கு நுனி பொருத்தினாள். நாற்காலியின் நாலு கால்களுக்குத் தடயம் அவ்வளவு தெளிவாக இல்லை. குத்துமதிப்பாக வைத்தாள்.

இழுக்கிற சத்தத்தைக் கேட்டுச் சுந்தர்சிங் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினார். "என்ன ரத்தினம்?"

"ஏலத்துல எடுத்தேன். எனக்கு மனசு கேக்கலை" என்றாள்.

அவர் எழுந்தார். கையை நீட்டினார். மிஷின் தலை கையில் பட்டது. ஒரு கணம் அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து நாலு எட்டு, பெட்டி. பெட்டியைத் தொட்டுத் திரும்பி வாசலைப் பார்த்தார். தெருவில் சைக்கிள் மணி கேட்டது. திரும்பி நாலு எட்டு மிஷின், மிஷினிலிருந்து மூன்று எட்டு நாற்காலி. யாருடைய கையும் இல்லாமல் வந்து உட்கார்ந்தார். பிய்ந்துபோன பிரம்புப் பின்னலுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரலைவிட்டுத் துழாவி எதையோ இழுத்தார்.

கத்தரிக்கோல்.

"ஜூன் மாசம் நோட்டுக்கு அட்டை போட்டப்ப இங்க செருகினே" என்று அவள் குரல் வந்த பக்கம் நீட்டினார்.

டீச்சர் வாங்கிக்கொண்டாள்.  அவர் நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தார். பிறகு, அந்த ஒரு வருஷத்தில் முதல் முறையாக, கண்ணைப் பற்றி அவரே மறைக்காமல் பேசினார்.

"எனக்கு இப்ப கையாலதான் தெரியும், ரத்தினம். நாற்காலி ரெண்டு விரற்கடை தள்ளி இருக்கு."

அவர் எழுந்து நின்றார். அவள் குனிந்து இரண்டு விரற்கடை நகர்த்தினாள்.

"இப்ப சரியாங்க?"

அவர் உட்கார்ந்து பார்த்தார். "இப்ப சரி" என்றார்.