எலுமிச்சம்பழம் நசுக்கிய செடான்

எங்கள் ஊர் பாயா ரும்புட்டில் பழைய கார் விற்கும் என் மனைவியின் அண்ணன், சின்னக் கார் விலைக்கே பெரிய செடான் ஒன்றைக் கொடுத்தார். நான் பார்த்தது நம்பர் பிளேட்டின் கூட்டு எண்ணை மட்டும்தான். கோயிலில் அவரே தேங்காய் உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

மூன்றாம் வாரம் மனைவி, பிள்ளைகளோடு போகும்போது, சிம்பாங் அம்பாட் அருகே நெடுஞ்சாலையில் இன்ஜின் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த லோரி மயிரிழையில் ஒதுங்கிப் போனது. மெக்கானிக் காருக்குள் தரையில் விரித்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் வெள்ளத்துச் சேறு காய்ந்து கிடந்தது.

"மச்சான், வெள்ளத்துல மூழ்கின காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் லா. வெளியாளுக்கு வித்தா போலீசுக்குப் போவான். நீங்க எங்க போவீங்க மாப்பிள்ளை?"

இப்போது மலிவான கார் என்றால் நாங்கள் நம்பரைப் பார்ப்பதில்லை. முதலில் கார்ப்பெட்டைத் தூக்குகிறோம். தூக்குவது அவருடைய தங்கைதான்.