வீரய்யா மட்டம் வெட்டிய சோளம்

ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வீரய்யாவுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடிகளின் தலையைக் கத்தியால் சீவி, மலை முழுக்க ஒரே மட்டமாக்க வேண்டும். மனுஷன் அதில் புலி. ஒரு செடி ஒரு விரல் உயர்ந்து நின்றாலும் அவருக்குச் சோறு இறங்காது.

1999இல் மகள் தங்கேஸ்வரி குவைத்திலிருந்து கடைத் தொலைபேசிக்கு அழைத்தாள். "பொங்கலுக்கு வர்றேன்பா. நம்ம லயத்துச் சோளம் சுட்டுத் தின்னணும் போல இருக்கு."

வீட்டு வேலைக்குப் போய் நாலு வருடமாகியும் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். அவளை நினைத்தால் வீரய்யாவுக்கு உள்ளே ஓர் உறுத்தல் உண்டு. இதையாவது குறையில்லாமல் கொடுத்துவிட வேண்டும் என்று, மறுநாளே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தைக் கொத்திச் சோளம் போட்டார்.

நிலத்தின் பாதியில் நல்ல வெயில். மறுபாதியில் தோட்டத்துச் சவுக்கு மரங்களின் நிழல். வெயில் பக்கம் ஆள் உயரத்துக்கு எகிறியது. நிழல் பக்கம் வெளுத்து மெலிந்து, வெளிச்சம் தேடிச் சாய்ந்தது. போதாக்குறைக்கு வளர்ந்த செடிகளின் நிழலும் அதன்மேல் விழுந்தது. வீரய்யா தினமும் பார்த்துப் பார்த்துப் பொருமினார்.

உயர்ந்த செடிகளின் உச்சியில் பூ எட்டிப் பார்த்த நேரம், ஒரு காலையில் கவ்வாத்துக் கத்தியோடு இறங்கி, தலைகளைச் சீவித் தள்ளிவிட்டார்.

"ஏங்க, இது என்ன தேயிலையா?" மனைவி இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"சும்மா இரு. கட்டையா நிக்கிறதுக்கும் வெளிச்சம் வேணாமா?"

நியாயமான பேச்சுதான். நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் கிடைக்கவும் செய்தது. ஆனால் உச்சிப் பூவின் தூள் உதிர்ந்து கதிரின் மயிரில் விழுந்தால்தான் மணி பிடிக்கும். நிழல் பக்கம் பிந்திப் பூத்தபோது, வெயில் பக்கத்து மயிரெல்லாம் காய்ந்துபோயிருந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் தங்கேஸ்வரி ரயிலில் வந்து இறங்கினாள். தேநீர்கூடக் குடிக்காமல் சோளத்துக்குப் போய், இருப்பதிலேயே பருத்த கதிரை ஒடித்து உரித்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து மணி. செடிகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"தலைய வெட்டுனது யாரு?"

வீரய்யா குனிந்து களை பிடுங்கத் தொடங்கினார்.

"வேற யாரு, உங்கப்பாதான். எல்லாம் ஒரே மட்டமா நிக்கணுமாம்" என்றாள் இராக்கம்மா.

தங்கேஸ்வரி சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் முதலாவதாக வந்த வருடம்தான் அண்ணன் பரீட்சையில் தோற்றான். அவன் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தபோது, அவளையும் படிப்பை நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்பினார் வீரய்யா. ஒருத்தி மட்டும் உயரப் போனால் மற்றவன் மனம் வாடிவிடும் என்றார்.

"என்னையும் இப்படித்தானேப்பா வெட்டுனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நிழல் பக்கம் போய், கைக்கடக்கமான ஒரு கதிரை ஒடித்துவந்து அடுப்பில் சுட்டாள். சின்னதானாலும் மணி நிறைந்திருந்தது. பாதியை முறித்து அப்பாவிடம் நீட்டினாள்.

வீரய்யா வாங்கி வாயில் வைத்தார். ஒரு மணிகூட இறங்கவில்லை.