சவேரியாயி காய்ச்சிய தீர்த்தம்

இலங்கை மலைநாட்டில், மஞ்சக்கல் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலைப் பெருக்கி மெழுகி, தீர்த்தப் பானைக்கு ஓடைத் தண்ணீர் சுமந்தவள் சவேரியாயி. கடல் கடந்து வந்த வருஷமே கட்டிய புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். பிறகு ஆறு வருஷம் பதுளை ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கண்ணால் கண்டதை விடாத மனசு அவளுக்கு.

அந்த மனசுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயில் நடுவே குற்றவாளியாக நிறுத்தியது!

1897ஆம் வருஷம். பக்கத்துத் தோட்டத்தில் வாந்திபேதி கண்டு தினம் ஒரு பாடை போய்க்கொண்டிருந்தது. பதுளையிலிருந்து மாதம் ஒருமுறை குதிரையில் வரும் சுவாமியார் பானைத் தண்ணீரை மந்திரிப்பார். பூசை முடிந்ததும் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களின் சனம் முழுவதும் ஆளுக்கொரு மடக்குக் குடிக்கும். மந்திரித்த தண்ணீரில் எந்த நோயும் தங்காது என்று அவர்கள் நம்பினார்கள். சவேரியாயியோ ஆஸ்பத்திரியில் பார்த்தபடி, தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கிய பிறகே பானையில் ஊற்றினாள். ஆவி பறக்க அவள் ஊற்றுவதைப் கூலிகளை மேய்க்கும் பெரிய கங்காணி இஞ்ஞாசி பார்த்துவிட்டார்.

பூசை தொடங்குமுன் அவர் எழுந்தார்.

“சாமி, இவ தீர்த்தத் தண்ணிய அடுப்புல ஏத்துறா! உங்க மந்திரத்துல இவளுக்கு நம்பிக்கை இல்லை. இவளுக்கு நன்மை குடுக்கக் கூடாது!”

“விட்டா மொளகு சீரகம் தட்டிப் போட்டு ரசமாக்கிருவா!” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. கோயில் சிரித்தது.

சவேரியாயிக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நன்மை என்று சுவாமியார் நாவில் வைக்கும் அந்த அப்பம் ஒன்றுதான் அவளுடைய சொந்தம். அதையும் பறித்துவிடுவார்களோ?

“ஏன் காய்ச்சினாய் மகளே?” என்றார் சுவாமியார்.

“ஆஸ்பத்திரியில பேதிக்காரங்களுக்குக் காய்ச்சாத தண்ணி ஒரு சொட்டுக் குடுக்க மாட்டாங்க சாமி. ஆறு வருஷம் பாத்தேன்.”

“ஆண்டவரின் ஆசீர்வாதம் போதாதா? இனிக் காய்ச்சமாட்டேன் என்று சொல். இன்றே நன்மை தருகிறேன்.”

ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் தப்பித்தாள். அவள் கண்கள் பீடத்தின் மேலிருந்த அப்பத் தட்டில் போய் நின்றன.

“சாமி, நன்மைக்கு நீங்க பச்ச மாவையா மந்திரிக்கிறீங்க? சுட்ட அப்பத்தத்தானே! நெருப்பு பட்டுச்சின்னு ஆண்டவர் அதுல வரமாட்டேங்கிறாரா? அப்பத்துக்கு ஆகுற நெருப்பு தண்ணிக்கு ஆகாதா? எனக்குப் புத்தியக் குடுத்ததும் அவருதான். அத லயத்துல வச்சிட்டுக் கோயிலுக்கு வரச் சொல்லாதீங்க. நன்மை இல்லேன்னாலும் காச்சுவேன்.”

சுவாமியார் பீடத்து அப்பத் தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“பானைய கவுத்துரச் சொல்லுங்க சாமி” என்றார் கங்காணி.

சுவாமியார் பானையருகே வந்தார். சிலுவை வரைந்து, அந்தத் தண்ணீரையே மந்திரித்தார். முதல் துளிகளைச் சவேரியாயியின் தலையில் தெளித்தார்.

“இனிக் காய்ச்சாத தண்ணீரை நான் மந்திரிக்கமாட்டேன்!”

“அப்ப வெறகு?” கங்காணி முணுமுணுத்தார்.

“நன்மை வாங்குகிற எல்லாரும் சுமப்பார்கள், கங்காணியாரே. நீங்களும்தான்.”

நன்மை நேரம் வந்தது. எப்போதும் கடைசி ஆளாகப் போகும் சவேரியாயி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கங்காணியைத் தாண்டி, எல்லாருக்கும் முன்னால் போய் முழந்தாளிட்டாள்.