மில் ஊரில் ஒரு பிடிமண்

எங்கள் தெருமுனையில் ஒரு புகைபோக்கி நிற்கிறது. அதிலிருந்து புகை வந்து இரண்டு தலைமுறை ஆகிறதாம். ஆனாலும் ஆண்டுதோறும் ஆட்கள் கயிறு கட்டி ஏறி, செங்கல் செங்கலாகத் தட்டிப் பார்த்து, உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டு இறங்குகிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்தப் பழைய பஞ்சாலை ஊருக்கு வந்த புதிதில், ஆலையை மறுபடி திறக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, எப்போது திறப்பு என்று ஒருவரிடம் விசாரித்துவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது ஹெரிடேஜ்" என்றார். நம் பக்கத்தில் ஓடாத மோட்டாரை எடைக்குப் போடுவோம். இங்கே ஓடாததற்குத்தான் ராஜ உபசாரம்.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில், ஆலைத் தொழிலாளர்களைப் புதைத்த பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் குழுவோடு போகிறேன். "போனையே பாத்துகினு உக்காந்திருந்தா பேஜாராயிடும், நாலு பேரோட பழகிட்டு வாங்க" என்று மனைவிதான் துரத்திவிட்டாள். குழுவின் தலைவி மார்கரெட், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவருடைய சட்டங்கள் கறாரானவை. கல்லை மெல்லிய பிரஷ்ஷாலும் வெறும் தண்ணீராலும் மட்டுமே துடைக்க வேண்டும். செடியை வெட்டலாம், பிடுங்கக் கூடாது. மண்ணில் கை வைக்கவே கூடாது. எனக்கு ஒதுக்கப்பட்ட கல்லறை எல்லன் என்ற பெண்ணுடையது. தறி ஓட்டியவள், கல்யாண வயதில் செத்துப்போனவள் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. இந்த ஊர்த் துணி கப்பலேறி வந்து நம் நெசவாளர் வயிற்றில் அடித்த கதையை இங்கே எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோபத்தை ஒரு சின்னப் பெண்ணின் கல்மேல் காட்ட மனம் வரவில்லை. பாசியைத் துடைத்துவிட்டு வருவேன்.

போன மாதம் தம்பி சேகர் கூப்பிட்டான். செங்கல்பட்டுப் பக்கம் படாளத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதன் ஓரத்தில், பம்புசெட் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் அம்மாவைப் புதைத்தோம். "சுடுகாட்டுக்குத் தூக்கினு போவாதீங்கடா, எனக்கு அங்க யாரையும் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் செத்தவள் அவள். சுற்றிச் செங்கல் வைத்து மேடை கட்டினோம். ஒவ்வொரு திதிக்கும் வெள்ளையடித்து, மஞ்சள் பூசி, அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை இலையில் வைப்போம்.

"அண்ணா, ரோடு அகலம் பண்றாங்க. அளந்து கல்லு நட்டுட்டாங்க. அம்மா கோட்டுக்கு உள்ள கீது."

"சொல்லிப் பாத்தியா?"

"இன்னான்னு சொல்றது? அளக்க வந்தவரு நல்லவருதான். அம்மா சமாதின்னு சொன்னேன். செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டாரு. அப்பறம் செங்கல் மேடை ஒண்ணுன்னு எழுதிகினு பூட்டாரு."

யார்மேல் கோபப்படுவது? ரோடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்த ரோட்டில் பஸ் ஏறித்தான் செங்கல்பட்டில் படித்தேன், விமான நிலையத்துக்கும் அதே ரோட்டில்தான் போனேன்.

எலும்பைத் தோண்ட வேண்டாம், பிடிமண் எடுத்து மாமல்லபுரத்தில் கடலில் கரைத்துவிடலாம் என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். ஆனால் குழியில் முதல் பிடி மண்ணைப் போட்ட கைதான் பிடிமண்ணையும் எடுக்க வேண்டுமாம். அந்தக் கை மூத்தவனான என்னுடையது. நானோ விசா நீட்டிப்புக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். பதில் வருவதற்குள் நாட்டைவிட்டுக் கிளம்பினால் மனு செத்துவிடும். மனைவியும் மகளும் அதே மனுவில்தான் தொங்குகிறார்கள்.

மார்கரெட்டிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆட்சேபம் எழுதுங்கள், நான் உதவுகிறேன் என்றார். எவ்வளவு பழையது என்று கேட்டார். நான் கல்லூரியில் படித்தபோது கட்டியது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "கல்லில் என்ன எழுதியிருக்கிறது?" என்றார். ஒன்றும் எழுதவில்லை என்றேன். பெயர்கூட இல்லையா என்று அவருக்கு ஆச்சரியம். எல்லாருக்கும் தெரிந்தவளுக்குப் பெயர் எதற்கு என்று அவருக்கு எப்படி விளக்குவது? "நிறையப் படம் எடுத்து வையுங்கள், ஆவணமாவது மிஞ்சும்" என்று என் தோளைத் தட்டினார். அவர் ஒரு கட்டடத்துக்காக வருத்தப்பட்டார். நான் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை எல்லனின் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சேகர் வீடியோவில் வந்தான். நாளைக்கு என்று சொல்லியிருந்த ஜேசிபி அன்றைக்கே வந்து நின்றுவிட்டதாம். பின்னால் அது உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணா, பங்காளிங்க ஒத்துகினாங்க. நீ அங்கயே மண்ணுல கை வை. நீ எடுக்கசொல்ல நான் இங்க எடுக்கறேன். சீக்கிரம், டிரைவர் கத்தறான்."

யோசிக்க நேரமில்லை. அப்படியே மண்டியிட்டு, எல்லனின் தலைமாட்டில் விரல்களை ஆழப் பதித்து ஒரு பிடி அள்ளினேன். அங்கே தம்பி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தான். "அம்மா, வா போலாம்" என்றான். தேங்காய் உடைத்தார்கள். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அதே நேரத்தில் மார்கரெட் ஓடிவந்தார்.

"என்ன செய்கிறீர்கள்? தயவுசெய்து அதைத் திரும்பப் போடுங்கள்!"

"கையத் தொறக்காத அண்ணா," என்றது போன். "கடல்ல கரைக்கற வரைக்கும் மூடியே வை. நடுவுல கொட்டுனா அம்மா வழியில நின்னுடும்."

படாளத்திலிருந்து மாமல்லபுரம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அம்மா, கடல், கை என்று என்னென்னவோ சொன்னேன். வெறும் உளறல்தான். மார்கரெட்டுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. தூறல் போட ஆரம்பித்தது. மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். அவர் மட்டும் போகாமல், பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி என் இடது கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் வந்தாலும் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டாள். அவளைத்தான் இப்போது கடலுக்குக் கொண்டுபோகிறார்கள், நான் இங்கே தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் சேகர் கூப்பிட்டான். அலைச் சத்தம்தான் முதலில் கேட்டது.

"ஆச்சு அண்ணா. கையத் தொற."

விரல்கள் மரத்துப்போய்ப் பிரிய மறுத்தன. மார்கரெட் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். பிறகு அந்த மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, என் உள்ளங்கையில் இருந்த மண்ணையும் நகக்கண்ணில் ஒட்டியிருந்ததையும், ஒரு துளிகூட வெளியே சிந்தாமல், எல்லனின் தலைமாட்டிலேயே தட்டிவிட்டார். மறுநாளே படாளத்தில் அந்த இடத்தில் ஜல்லி கொட்டிவிட்டார்கள். தையில் அம்மாவின் திதி வருகிறது. அன்றைக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. இலையில் குழம்பை வைத்துக்கொண்டு, கால் தானாக எல்லனிடம் போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.